செர்வாவாக், கார்டசில், கார்டசில் 9: எச்.பி.வி. தடுப்பூசியில் எதை வாங்குவது, எப்போது போடுவது

இந்தியாவில் தனியார் மருத்துவமனையில் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி கேட்டால் மூன்று பெயர்கள் காதில் விழும். புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக், எம்.எஸ்.டி. நிறுவனத்தின் கார்டசில், அதே நிறுவனத்தின் கார்டசில் 9. மலிவானதற்கும் விலை கூடியதற்கும் ஏறத்தாழ ஐந்து மடங்கு வித்தியாசம். பெற்றோர் பலர் இந்த இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். "ஒன்பது வகை வைரஸுக்கு எதிரானதுதான் நல்லதாமே, கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அதையே போடலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். பிள்ளைக்கு 12 வயது 15 ஆகிவிடுகிறது. மூன்று ஊசிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து நாங்கள் வந்து சேர்ந்த முடிவு இது: மருந்தின் பெயரைவிடப் போடும் வயது முக்கியம். 9 முதல் 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு, கையில் இருக்கும் பணத்துக்கு எது கட்டுப்படியாகுமோ அதை இந்த வருடமே போட்டுவிடுங்கள். ஏன் என்பதைத்தான் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் நோய். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கிட்டத்தட்ட எப்போதுமே எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸ்தான் காரணம். இதைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2022-க்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். தாம்பத்திய வாழ்க்கை தொடங்கியவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த வைரஸைத் தொட்டுத்தான் கடக்கிறார்கள். அதில் வெட்கப்படவோ யாரையும் சந்தேகப்படவோ எதுவும் இல்லை. பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிடும் தொற்றுதான் ஆபத்து. அது கருப்பைவாயின் செல்களை மெல்ல மெல்ல மாற்றிப் புற்றுநோயில் கொண்டுவிட 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இந்த நீண்ட இடைவெளியில் உடம்பு எந்த அறிகுறியும் காட்டாது. அதனால்தான் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இந்த நோயில் பலிப்பதில்லை.

ஊசிக்குள் என்ன இருக்கிறது? வைரஸின் வெளி ஓட்டில் எல்1 என்றொரு புரதம் உண்டு. அந்தப் புரதத்தை மட்டும் ஈஸ்ட் செல்களில் வளர்த்து எடுத்தால், அது தானாகவே ஒன்றுசேர்ந்து வைரஸைப் போன்ற வெறும் உருண்டையாகிவிடும். உள்ளே மரபணு எதுவும் கிடையாது. ஆகவே இந்த ஊசியால் தொற்று வரவே முடியாது. நோய் எதிர்ப்பைத் தூண்டிவிட அலுமினிய உப்பு சிறிதளவு சேர்த்திருப்பார்கள். மூன்று தயாரிப்புகளுக்கும் அடிப்படை இதுதான். எத்தனை வகை வைரஸின் ஓட்டைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

செர்வாவாக்கிலும் சாதாரண கார்டசிலிலும் நான்கு வகைகள்: 6, 11, 16, 18. இதில் 16-உம் 18-உம் புற்றுநோய்க்குக் காரணமானவை. 6-உம் 11-உம் பிறப்புறுப்பில் மருக்களை உண்டாக்குபவை. கார்டசில் 9-இல் இந்த நான்கோடு 31, 33, 45, 52, 58 என்ற ஐந்தும் சேரும். உலக அளவில் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு 16-உம் 18-உம் காரணம். ஒன்பது வகையையும் சேர்த்தால் அது 90 சதவீதத்தைத் தொடும். விற்பனைப் பேச்சில் இந்த 70-க்கும் 90-க்கும் உள்ள இடைவெளியைத்தான் காட்டுவார்கள். ஆனால் இந்தியப் பெண்களிடம் 16, 18 இரண்டின் பங்கு உலகச் சராசரியைவிட அதிகம். ஐந்தில் நான்கு அளவுக்கு வருகிறது. அதனால் ஒன்பது வகை ஊசியின் கூடுதல் பலன் இங்கே இருக்கிறது என்றாலும், ஐந்து மடங்கு விலை சொல்லும் அளவுக்கு இல்லை.

விலைக் கணக்கைப் பார்ப்போம். செர்வாவாக் ஒரு டோஸ் ₹2,000-ஐ ஒட்டி இருக்கிறது. கார்டசில் கிட்டத்தட்ட அதன் இரு மடங்கு. கார்டசில் 9 ஒரு டோஸ் ₹10,000-ஐத் தாண்டும். இவை அவ்வப்போது மாறும். பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யைப் பாருங்கள், ஊசி போடும் கட்டணம் தனியா என்றும் கேளுங்கள். 14 வயதுப் பெண்ணுக்கு இரண்டு டோஸ் போதும் என்பதால் செர்வாவாக் சுமார் ₹4,000-இல் முடியும், கார்டசில் 9 ₹20,000-க்கு மேல் போகும். அதே பெண்ணுக்கு 15 முடிந்துவிட்டால் மூன்று டோஸ். கார்டசில் 9 செலவு ₹30,000-ஐத் தாண்டிவிடும். விலை கூடிய ஊசிக்காகக் காத்திருக்கும் குடும்பம் கடைசியில் இன்னும் அதிகமாகத்தான் கட்டவேண்டி வருகிறது.

செர்வாவாக்குக்கு 2022 ஜூலையில் அனுமதி கிடைத்து, 2023 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் எச்.பி.வி. தடுப்பூசி. 9 முதல் 26 வயது வரை ஆண், பெண் இருவருக்கும் போடலாம். அதன் ஆய்வில் எதிர்ப்புப் பொருள்களின் அளவைக் கார்டசிலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நான்கு வகைக்கும் அது சளைத்ததில்லை என்று தெரிந்தது. புதிய ஊசி என்பதால் புற்றுநோயையே குறைத்தது என்று காட்டும் நெடுங்காலத் தரவு அதற்கு இன்னும் வரவில்லை. கார்டசிலுக்கு அந்தத் தரவு உண்டு: சுவீடனில் 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்டவர்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்தது என்று 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வேறொரு தயாரிப்பான செர்வாரிக்ஸைப் பயன்படுத்திய ஸ்காட்லாந்தில், 12–13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களிடம் ஒருவருக்குக்கூடப் பரவும் நிலைப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-இல் வெளியிட்டார்கள். வெவ்வேறு தயாரிப்புகள், வெவ்வேறு நாடுகள். பலன் ஒரே பக்கம் நிற்கிறது. இரண்டு நாட்டிலும் இளம் வயதில் போட்டவர்களுக்குத்தான் மிகப் பெரிய பலன். நாங்கள் வயதை இத்தனை அழுத்திச் சொல்வதற்கு அதுதான் ஆதாரம்.

எங்கள் தரவரிசையைக் கேட்டால்: 9–14 வயதுக்குச் செர்வாவாக். பணம் ஒரு பிரச்சினையே இல்லை என்றால் கார்டசில் 9. இரண்டுக்கும் நடுவில் சாதாரண கார்டசிலைத் தேடி அலையவேண்டிய அவசியம் இல்லை. மருத்துவரிடம் அதுதான் இருக்கிறது என்றால் மறுக்கவும் வேண்டாம். நான்கு வகை ஊசியை முழுதாகப் போட்டு முடித்தவர்கள் "ஒன்பதையும் ஒருமுறை போட்டுவிடலாமா" என்று கேட்கிறார்கள். தேவையில்லை.

எத்தனை டோஸ் என்பதில் வரும் குழப்பம் அதிகம், அதனால் பொறுமையாகப் படியுங்கள். முதல் டோஸ் போடும் நாளில் 15 வயது நிறைவடையவில்லை என்றால் இரண்டு டோஸ், ஆறு மாத இடைவெளியில். இரண்டாவது டோஸ் போடும்போது 15 தாண்டிவிட்டாலும் பரவாயில்லை. முதல் டோஸின் தேதிதான் கணக்கு. 15 முடிந்த பிறகு தொடங்கினால் மூன்று டோஸ்: முதல் நாள், இரண்டாம் மாதம், ஆறாம் மாதம். எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் எந்த வயதானாலும் மூன்று டோஸ் போடுவதுதான் சரி.

ஒரே டோஸ் போதும் என்றும் செய்தி வருகிறதே? வருகிறது, அதற்கு அடிப்படையும் இருக்கிறது. அந்தச் சான்றின் ஒரு பகுதி திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையிலிருந்து வந்தது. 2009-இல் இந்தியாவின் பல ஊர்களில் திருமணமாகாத 10–18 வயதுப் பெண்களிடம் இரண்டு டோஸையும் மூன்று டோஸையும் ஒப்பிடும் ஆய்வொன்று தொடங்கியது. அம்பிளிக்கை மருத்துவமனையும் அதில் ஒரு மையம். அதே சமயம் அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் சில சிறுமிகள் இறந்த செய்தி வெடித்தது. விசாரணையில் அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தது. ஆனால் அந்தத் திட்டத்தில் சிறுமிகளுக்கு ஊசி போட ஒப்புதல் வாங்கிய முறையில் கடுமையான குறைகள் இருந்ததும் உண்மை. 2010 ஏப்ரலில் எல்லா எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகளையும் அரசு நிறுத்திவைத்தது. அம்பிளிக்கை உட்பட்ட ஆய்வில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். அவர்களை விட்டுவிடாமல் பத்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 2021-இல் முடிவு வந்தது: 16, 18 வகைகளின் நீடித்த தொற்றைத் தடுப்பதில் ஒரு டோஸ் சுமார் 95 சதவீதம் பலன் தந்தது, இரண்டு, மூன்று டோஸ் போட்டவர்களுக்குக் கிடைத்ததற்கு நிகராக. கென்யாவில் நடந்த ஆய்வும் அதே திசையில் வந்தது. இதையெல்லாம் வைத்து 2022 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸையும் ஏற்கலாம் என்றது.

அப்படியென்றால் நாம் என்ன செய்வது? அம்பிளிக்கை ஆய்வில் போட்டது கார்டசில். செர்வாவாக்கின் அனுமதி இரண்டு, மூன்று டோஸ் அட்டவணைக்குத்தான். சொந்தப் பணம் கட்டித் தனியாரில் போடுகிறீர்கள் என்றால் அட்டவணைப்படி முழுதாக முடியுங்கள். பள்ளியிலோ அரசு முகாமிலோ ஒரே டோஸ் என்று சொல்லிப் போட்டால், அரைகுறை வேலை என்று எண்ணி ஒதுங்காதீர்கள். அந்த ஒரு டோஸ் மிகப் பெரிய பாதுகாப்பு.

இனி, நடைமுறையில் எங்கே தவறு நடக்கிறது என்று பார்ப்போம். மிகுதியாக நடப்பது குளிர்ச்சி கெட்டுப்போவது. இந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். வெயிலில் சூடாவதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். உறைந்துபோனாலும் கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. அலுமினிய உப்போடு ஒட்டியிருக்கும் புரதம், உறைந்து இளகும்போது கட்டிகட்டியாகத் திரிந்துவிடும். பிறகு வீரியம் இருக்காது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் பாலித்தீன் பையில் ஐஸ் கட்டியோடு கட்டிக் கொடுத்தால் இரண்டு ஆபத்தும் ஒன்றாக வரும்: பெட்டி ஐஸை நேரடியாகத் தொட்டால் உறையும், ஐஸ் உருகிவிட்டால் சூடேறும். வீட்டு ஃப்ரிட்ஜின் கதவிலோ ஃப்ரீசரை ஒட்டியோ வைப்பதும் இதே போலத்தான். ஊசி போடும் மருத்துவமனையே மருந்தையும் வைத்திருந்தால் அங்கேயே போட்டுக்கொள்வது நல்லது. தடுப்பூசிக்கென்று தனி ஃப்ரிட்ஜ், உள்ளே வெப்பமானி, மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். தினமும் தடுப்பூசி போடும் குழந்தைகள் நல மருத்துவமனைகள் பெரும்பாலும் இதில் நம்பகமானவை. வெளியே வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் மூடியுள்ள வேக்சின் கேரியரில், ஐஸ் பேக்குக்கும் பெட்டிக்கும் நடுவே துணியோ அட்டையோ வைத்து, நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ஊசி போடும் நிமிடத்தைக் கூர்ந்து பாருங்கள். செவிலியர் பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கவேண்டும். பெயரையும் காலாவதித் தேதியையும் உங்களுக்குக் காட்டவேண்டும். குப்பியை நன்றாகக் குலுக்கினால் உள்ளே இருப்பது வெண்மையாக, ஒரே சீராகக் கலங்கிய திரவமாகத் தெரியும். குலுக்கிய பிறகும் துகள்கள் மிதந்தாலோ சீக்கிரமே அடியில் படிந்தாலோ அதைப் போடக்கூடாது. அளவு 0.5 மி.லி., மேல்கையின் தசையில் ஆழமாக. இடுப்பில் போடுவது வழக்கமில்லை. போட்டதும் பிள்ளையை எழுந்து ஓடவிடாதீர்கள். 15 நிமிடம் உட்கார்ந்தோ படுத்தோ இருக்கட்டும். வளரிளம் வயதினருக்கு எந்த ஊசி போட்டாலும் பயத்தில் மயக்கம் வருவதுண்டு. விழுந்து தலையில் அடிபடுவதுதான் அதிலுள்ள உண்மையான ஆபத்து. வெறும் வயிற்றோடு கூட்டிப்போக வேண்டாம். தடுப்பூசி அட்டையில் தேதி, தயாரிப்பின் பெயர், பேட்ச் எண் மூன்றையும் எழுதி வாங்கி, கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அட்டை தொலைந்துபோய் "போன தடவை என்ன போட்டோம்?" என்று விழிக்கும் வீடுகள் ஏராளம்.

தேதி தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. எட்டு மாதமோ ஒரு வருடமோ ஆகியிருந்தாலும் விட்ட இடத்திலிருந்து போடலாம். அவசரப்பட்டு முன்கூட்டியே போடுவதுதான் சிக்கல். இரண்டு டோஸ் அட்டவணையில் ஐந்து மாதத்துக்குள் இரண்டாவதைப் போட்டுவிட்டால் மூன்றாவது ஒன்று தேவைப்படும். பள்ளி விடுமுறை முடிவதற்குள் முடித்துவிடலாம் என்று நான்காம் மாதமே போட்டுவிட்டுக் கூடுதலாக ஒரு டோஸுக்குச் செலவழிக்காதீர்கள். கூடியவரை ஒரே தயாரிப்பில் முடிப்பது நல்லது. முதலில் போட்டது கிடைக்கவில்லை என்றால், அல்லது எதைப் போட்டோம் என்றே தெரியவில்லை என்றால், கிடைப்பதை வைத்து முடித்துவிடலாம். ஊசிக்கு முன் எச்.பி.வி. பரிசோதனையோ, கருப்பைவாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ எடுக்கச் சொன்னால், சிறுமிகளுக்கு அது எதற்கு என்று கேளுங்கள், அவசியமே இல்லை. மாதவிடாய் நாளில் போடலாம். லேசான சளி இருந்தாலும் போடலாம். கடுமையான காய்ச்சல் இருந்தால் மட்டும் தள்ளிவைக்கலாம். ஈஸ்ட் ஒவ்வாமை உள்ளவர்களும், முந்தைய டோஸில் கடும் ஒவ்வாமை வந்தவர்களும் தவிர்க்கவேண்டும். கர்ப்பிணிகள் பிரசவம் முடியும்வரை தள்ளிவைக்கவேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

பக்க விளைவு என்று பார்த்தால் போட்ட இடத்தில் வலி பெரும்பாலோருக்கு இருக்கும். சிவந்து வீங்கலாம், ஒரு நாள் காய்ச்சல், தலைவலி வரலாம். கர்ப்பம் தரிக்காமல் போய்விடும் என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உலகெங்கும் 27 கோடி டோஸ்களுக்கு மேல் விநியோகமாகியிருந்த 2017-இலேயே உலக சுகாதார அமைப்பின் பாதுகாப்புக் குழு இந்த ஊசியை ஆராய்ந்து, மிகவும் பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டது. மலட்டுத்தன்மைக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை. உண்மையில் குழந்தைப்பேற்றைக் கெடுப்பது, புற்றுநோய்க்கு முந்தைய நிலைக்காகக் கருப்பைவாயை வெட்டி எடுக்கவேண்டிவரும் சிகிச்சையும், புற்றுநோய் வந்தபின் கருப்பையையே எடுப்பதும்தான். வதந்திக்கு விலை கொடுத்த நாடு ஜப்பான். 2013-இல் அரசு பரிந்துரையை நிறுத்திவைத்ததும், சுமார் 70 சதவீதமாக இருந்த தடுப்பூசி போடும் விகிதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2022-இல்தான் மறுபடி பரிந்துரைக்கத் தொடங்கினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் வயது தாண்டிப்போன பெண்கள் அங்கே எத்தனையோ பேர்.

மகனுக்குப் போடலாமா? போடலாம். 16-ஆம் வகை ஆண்களுக்குத் தொண்டை, ஆசனவாய், ஆண்குறிப் புற்றுநோய்களை உண்டாக்கும், மருக்களும் வரும். ஆனால் வீட்டில் பணம் ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றால் மகளுக்கு முதலில் போடுங்கள். திருமணமான பெண்கள் கேட்டால், 26 வயது வரை தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே ஒரு வகை தொற்றியிருந்தாலும் மற்ற வகைகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். உடம்பில் இருக்கும் தொற்றை இந்த ஊசி விரட்டாது. அதனால் 26-க்கு மேல் பலன் குறைந்துகொண்டே போகும். 35, 40 வயதில் மூன்று டோஸுக்குக் கொடுக்கும் பணத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்வது எங்கள் பார்வையில் மேலானது.

அரசு ஊசிக்கு என்ன நிலை? இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். மலேசியாவில் 2010-லேயே 13 வயது மாணவிகளுக்குத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் சிக்கிம் 2018-இல் மாநிலம் முழுவதும் பள்ளிகள் வழியாகப் போட்டு வழிகாட்டியது. தமிழ்நாடு 2025–26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாகப் போட ₹36 கோடி ஒதுக்குவதாக அறிவித்தது. உங்கள் பகுதியில் எந்தப் பிறந்த ஆண்டுக்காரர்களுக்கு, எந்தப் பள்ளியில் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து வரும் ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். பையில் மடிந்து கிடந்து முகாம் நாளைத் தவறவிடும் பிள்ளைகள் உண்டு.

ஊசி போட்டாயிற்று என்பதால் பரிசோதனை வேண்டாம் என்று ஆகிவிடாது. எந்த ஊசியும் எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை. ஊசி போட்ட பெண்களும் 30 வயதுக்குப் பிறகு கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். மகளுக்கு ஊசி போட அழைத்து வரும் தாய்க்கு அந்த வயது ஏற்கெனவே கடந்திருக்கும். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையை ஒரே ஒரு முறை செய்ததே கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணத்தை 35 சதவீதம் குறைத்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 30 வயது கடந்த பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். சில நிமிடங்களில் முடிந்துவிடும், முடிவும் அங்கேயே தெரியும். மாதவிடாய் இல்லாத ஒரு நாளாகப் பார்த்துப் போனால் போதும்.